ஏழு மணிப் பெரட்டு

மலையகத்து லிந்துலையில் கரட் கழுவி மூட்டை கட்டும் கொட்டகை ஒன்றைச் சர்மிளா தொடங்கியபோது, வேலைக்கு வந்தவர்களெல்லாம் அவள் பிறந்த தோட்டத்து லயத்து வரிசை வீடுகளின் பெண்கள்தான். அடுத்த காம்பரா வீட்டு வேலாயியும் அதில் ஒருத்தி. அக்கா, தங்கச்சி என்று பேச்சு நடந்த அளவுக்கு அங்கே வேலை நடக்கவில்லை. ஆளாளுக்கு ஒரு நேரத்தில் வந்தார்கள். கொழும்பு லொறி பலமுறை அரைச் சுமையோடு கிளம்பிப் போனது.

முதலாளி என்றால் எப்படி இருக்கவேண்டும் என்று அவளுக்கு யார் சொல்லித் தந்தார்கள்? சின்ன வயதிலிருந்து அவள் கண்ட அதிகாரம் ஒன்றே ஒன்றுதான்: தோட்டத்துப் பெரட்டு. காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, வேலை பிரித்து, பிந்தி வந்தவரை வீட்டுக்குத் திருப்பிவிடுவார்கள். அன்றைக்குப் பேர் விழாது. பேர் இல்லையென்றால் கூலியும் இல்லை. அப்படித் திரும்பி வந்த அப்பாவின் முகம் அவளுக்கு மறக்கவில்லை. இருந்தும் அதையே கொட்டகைக்குக் கொண்டுவந்தாள். சும்மா சொல்லக்கூடாது, ஒரே வாரத்தில் எல்லாம் சீராகிவிட்டது. யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அவர்களுக்கும் அது பழகிய சங்கதிதானே. 'பாப்பா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த வேலாயி தானாகவே 'மேடம்' என்று மாற்றிக்கொண்டாள். சர்மிளாவுக்கு அது இனித்தது. இப்போது நினைத்தால் உடம்பே கூசுகிறது.

அன்றைக்கு விடிய விடிய மழை. ஏழு மணிக்கு வரிசையில் வேலாயியைக் காணவில்லை.

"வந்தா அப்படியே திருப்பி அனுப்பிருங்க. ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் பழகிருவாங்க" என்று எல்லார் காதிலும் விழும்படி சர்மிளா சொன்னாள்.

வேலாயி வரவில்லை, செய்திதான் வந்தது. நேரமாகிவிட்டதே என்று ரோட்டை விட்டுத் தேயிலைக்குள் குறுக்கே ஓடி இறங்கியிருக்கிறாள். வழுக்கி, மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்ததில் கால் முறிந்துவிட்டதாம்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் சர்மிளா ஒன்றைத்தான் வேண்டிக்கொண்டாள். வேலாயி அக்கா வாய்க்கு வந்தபடி தன்னைத் திட்டவேண்டும். நாலு பேர் பார்க்க, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கவேண்டும். அப்படிக் கேட்டால் கொஞ்சமாவது மனம் ஆறும்.

வேலாயியோ அவளைக் கண்டதும் காலில் கட்டோடு எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"படுங்கக்கா. எல்லாம் என்னாலதான்" என்றாள் சர்மிளா.

"ஐயோ, நீங்க என்னங்க செய்வீங்க? நான்தானே பிந்திட்டேன்." வேலாயி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மேடம், இன்னைக்கு எம் பேர வெட்டிட்டீங்களா?"

"இல்லக்கா. போட்டிருக்கேன்."

பொய். கூசாமல் வந்துவிட்டது. வேலாயியின் முகம் தெளிந்தது.

"நல்லா இருப்பீங்க" என்று அவள் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். திட்டு வாங்க வந்தவள் கும்பிடு வாங்கிக்கொண்டு நின்றாள்.