பாறையேறும் வண்டியும் நான் அடைத்த ஓட்டைகளும்

ரிமோட் கார் என்றால் எல்லோரும் முதலில் வேகத்தைத்தான் கேட்பார்கள். நான் வாங்க நினைத்தது மெதுவாகப் போகிற வகை. கிராலர் என்பார்கள். முழங்கை நீளம் இருக்கும், நான்கு சக்கரங்களும் இழுக்கும், ஓடுவது ஆள் நடக்கிற வேகத்துக்கும் கம்மி. பாறைமேல் பல்லி மாதிரி ஒட்டி ஏறுவதுதான் அதன் வேலை. வாங்குமுன் மூன்றை மட்டும் முடிவு செய்துகொண்டேன். பெட்டியைத் திறந்ததும் ஓட வேண்டும், உடைந்தால் உதிரிபாகம் கிடைக்க வேண்டும், தண்ணீர் பட்டால் செத்துப்போகக் கூடாது. நிறத்தைப் பற்றி யோசிக்கவில்லை. சாம்பல் நிறத்தில் வந்தது.

அம்மா பெட்டியை எட்டிப் பார்த்தாள். "இன்னாடி இது? யாருக்குப் பொறந்தநாளு?"

"எனக்குத்தான்மா. பாறை மேல ஓட்டறதுக்கு."

"பாறை மேல ஆடு மேயும். உனக்கு இன்னா வேலை அங்க?"

அணைக்கட்டு பக்கம் ஒரு குன்றில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்தாறு பேர் கூடி ஓட்டுகிறார்கள், எல்லோரும் ஆண்கள் என்று சொன்னதும் அம்மாவின் குரல் மாறிவிட்டது. "மொத தடவை நானும் வர்றேன். எனக்குச் சரியாப் படலன்னா வண்டி பரண்ல ஏறிடும். அப்புறம் மூஞ்சிய தூக்கி வெச்சிக்கக் கூடாது."

அம்மா சொன்னால் சொன்னதுதான். முதல் நாளே வண்டி சொதப்பினால் அதுவே கடைசி ஞாயிறு. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை.

பயம் வந்தால் நான் எதையாவது கழற்றி மாட்டுவேன். கல்லில் சிக்கினால் முன்சக்கரத்தைத் திருப்பத் தெம்பில்லாமல் இருந்த மோட்டாரை எடுத்துவிட்டு, இரும்புப் பல்சக்கரம் வைத்த ஒன்றைப் போட்டேன். எடை கீழே தங்கட்டும் என்று முன்சக்கரங்களுக்குப் பக்கத்தில் பித்தளைத் துண்டுகளை முடுக்கினேன். கடைசியாக டயர். கூடவே வந்தவை கெட்டியாக இருந்ததால் மெத்தென்ற ரப்பரில் நான்கு புதிதாக வாங்கி ரிம்மில் ஒட்டினேன்.

ஒட்டி முடித்துத் துடைக்கும்போதுதான் பார்த்தேன். ஒவ்வொரு டயரின் நடுவிலும் ஊசி நுழைகிற அளவுக்கு இரண்டு ஓட்டைகள்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. ஷூவைத் தண்ணீரில் வைத்து மடக்கி மடக்கி, உள்ளே ஈரம் கசிகிறதா என்று பார்ப்போம். ஊசிமுனை ஓட்டை என்றாலும் திருப்பி அனுப்பிவிடுவோம். எனக்குக் கை சும்மா இருக்குமா? அச்சில் வந்த பழுது, தண்ணீர் போனால் டயருக்குள் அடைத்திருக்கும் ஸ்பாஞ்ச் கெட்டுவிடும் என்று முடிவு கட்டினேன். சோல் ஒட்டுகிற முறைதான். உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, துடைத்து, பசையை ஒரு கோட்டிங் பூசி, காயவிட்டு, இன்னொரு கோட்டிங். அவ்வளவு சுத்தமான வேலை.

வீட்டுப் படிக்கட்டில் ஓட்டிப் பார்த்தபோது லேசாகக் குதித்தது. ஸ்பிரிங்கைத் தளர்த்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் அம்மா பின்னால் உட்கார்ந்து வண்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாறை நன்றாகச் சூடேறியிருந்தது. அந்தக் குழுவைக் கூட்டுகிறவர் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். அவர் அம்மாவுக்கு ஒரு வணக்கம் வைத்து, எனக்கு ஒரு சரிவைக் காட்டினார். நடுவில் ஒரு புடைப்பு. அதைத் தாண்டினால் உச்சி.

வண்டி புடைப்பைத் தொட்டதும் எகிறிப் பக்கவாட்டில் விழுந்தது.

"இன்னா சிஸ்டர், கோழி மாதிரி குதிக்குது?" என்றார் கடைக்காரர்.

இரண்டாம் முறை கூரை தரையில் அடிபட உருண்டே கீழே வந்தது. குடைக்கடியில் உட்கார்ந்திருந்த அம்மா கேட்டாள்: "இது ஏர்ற வண்டியா, உருள்ற வண்டியா?"

பேட்டரி, திருகுகள், முன்சக்கரத் திருப்பம், பித்தளை என்று வரிசையாகப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. எது தப்பு என்று தெரிந்தால் திருத்திவிடலாம். வண்டியை நிமிர்த்தும்போது டயர் கையில் பட்டது. கொதித்தது, பந்து மாதிரி விறைத்திருந்தது. பக்கத்தில் நின்ற கடைக்காரரின் வண்டி டயரை அழுத்தினேன். கட்டைவிரலுக்கடியில் தட்டையாகிப்போனது. ஓட்டை வழியாகக் காற்று மெல்ல என் விரலில் பட்டது.

டயர் பாறையில் அமுங்கிப் பரவினால்தான் பிடிக்கும். அமுங்கும்போது காற்று வெளியே போவதற்கு வைத்த வழியைத்தான் நான் இரண்டு கோட்டிங் போட்டு அடைத்திருந்தேன்.

"அண்ணா, சின்னதா டிரில் ஊசி இருக்கா? டயர்ல ஓட்டை போடணும்."

"அதுல ஓட்டை இருக்குமே?"

"அடைச்சிட்டேன்."

"எதுக்குமா?"

"ஷூ கம்பெனில வேலைண்ணா. ஓட்டையா இருந்துச்சேன்னு..."

அவர் மற்றவர்களைக் கூப்பிட்டார். "தோ, இங்க வாங்கப்பா! ஷூ கம்பெனிக்காரங்க புது டயருக்கே பஞ்சர் ஒட்டிட்டாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். இப்போதே எழுந்து கிளம்பலாம் என்பாள் என்று நினைத்தேன்.

"சிரிங்க தம்பி, சிரிங்க. ஆனா அவ ஒட்டுனத பிரிச்சிக் காட்டுங்க பாக்கலாம்" என்றாள்.

அவரால் முடியவில்லை. என்னாலும் சுலபமாக முடியவில்லை. அவர் தந்த டிரில் ஊசியை விரலில் பிடித்துத் திருகத் திருக, பசை மிளகளவுகூட விட்டுக்கொடுக்கவில்லை. கொஞ்சம் சறுக்கினால் டயர் கிழிந்துவிடும். வியர்வையில் விரல் வழுக்கியது. அம்மா வந்து வண்டியை முழங்காலுக்கிடையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு ஓட்டை திறக்கும்போதும் சூடான காற்று புஸ்ஸென்று வந்தது.

மறுபடி சரிவு. புடைப்பில் முன்டயர்கள் அமுங்கின, பரவின, பிடித்தன. பின்சக்கரம் ஒன்று அந்தரத்தில் எழும்பியது. வண்டி நகத்தளவு பின்னுக்கு வழுக்கியது. ரிமோட்டின் விசையை விடவும் பயம், அழுத்தவும் பயம். அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். அது நின்றது. பிறகு மெல்ல மெல்ல ஊர்ந்து மேலே போய்விட்டது.

யாரும் கைதட்டவில்லை. கடைக்காரர் மட்டும் "ம்ம்" என்றார்.

அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "அடுத்த வாரம் காலைலயே வந்துடணும். இந்த வெயில்ல மனுஷன் நிப்பானா? பேஜாரு."

"சரிமா" என்றேன். என் கண் உச்சியிலேயே இருந்தது. வண்டியை எப்படிக் கீழே இறக்குவது என்று நான் யோசித்தே இருக்கவில்லை.