உருமியோடு போன குரல்

அந்த வீட்டில் ஒரு பாட்டையும் முழுதாகக் கேட்க முடியாது என்பது ருக்குமணி அக்காவின் குறை. ஒன்று, பாட்டில் குரல் இருக்காது. இல்லையென்றால் முதல் இரண்டு வரியே நாற்பது தடவை ஓடும். அவருடைய கணவர் கோகுலன் அண்ணன் செய்கிற வேலை அப்படி. அவர்கள் அடுக்குமாடி வீட்டின் பின்னறையில் நான் மூன்று வருடமாக வாடகைக்கு இருக்கிறேன். சுவர் மெல்லியது.

வாரத்தில் ஆறு நாள் அண்ணன் மோட்டார் சைக்கிளைப் படகில் ஏற்றிக்கொண்டு தீவிலிருந்து அக்கரைக்குப் போவார். மாக் மண்டின் தொழிற்பேட்டையில் தகடு அழுத்தும் இயந்திரத்தில் வேலை. இருபத்தாறு வருடச் சத்தத்தில் இடது காது மந்தமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் பதிவான பாட்டுகளிலிருந்து குரலை எடுத்துவிட்டு இசையை மட்டும் தருவார். கல்யாண விருந்தில் பாடுகிறவர்கள் வருவார்கள். பள்ளி விழாவில் பாடப்போகும் பிள்ளைகளின் அம்மாக்கள் வருவார்கள். சூலியா தெருவில் நாணயமாற்றுக் கடை வைத்திருக்கும் சீனி முகம்மது மாமாவுக்குப் பழைய காதல் பாட்டுகள் வேண்டும், அதுவும் இரண்டு கட்டை இறக்கி.

இளவயதில் கோகுலன் அண்ணனும் விருந்துகளில் பாடியிருக்கிறார். அந்தக் காலத்துக் கரோக்கே பெட்டியில் ஒரு பொத்தான் உண்டாம். அமுக்கினால் குரல் போகும், கூடவே பாதி மேளமும் போகும். “தண்ணித் தொட்டிக்குள்ள விழுந்த பாட்டு மாதிரி இருக்கும் தம்பி. அது மேல நின்னுதான் பாடணும். ஆளுங்க தட்டுல இருந்த கோழியப் பாத்துக்கிட்டு இருந்ததால நான் தப்பிச்சேன்” என்பார்.

இப்போது கணினியே பிரித்துவிடுகிறது. இசை ஒரு கோப்பு, குரல் ஒரு கோப்பு. குரல் கோப்பை அவர் திறப்பதே இல்லை. ஏன் என்று ஒருநாள் கேட்டேன். “ஆளு குளிக்கிறப்ப கதவத் தொறந்த மாதிரி இருக்கும்” என்றார்.

தைப்பூசத்துக்கு மூன்று வாரம் இருந்தபோது நல்லமுத்து அண்ணன் தம் தங்கை பிரமிளா அக்காவோடு வந்தார். நல்லமுத்து அண்ணனுக்கு அறுபது வயதிருக்கும். கழுத்தில் ஒரு வெள்ளைத் துணி, அதன் பின்னே மூச்சு போய்வரும் துளை. பேச்சு முழுவதும் தங்கையுடையது.

“போன வருசம் ஆப்பரேசன் தம்பி. கட்டியோட குரலும் போச்சு. இருபது வருசம் அடுத்தவங்க காவடிக்கெல்லாம் உருமி மேளத்தோட நின்னு பாடுனான். இந்த வருசம் இவன் பால்குடம் எடுக்குறான். வேண்டுதல். இவனுக்குப் பாட நான்தான் இருக்கேன்.” ஒரு பழைய சிடியை நீட்டினார். “இதுல பாடுறது இவன்தான். இவன எடுத்துட்டு மேளத்த மட்டும் குடுங்க.”

“வேற மேளம் பிடிக்கலாம்ல அக்கா?” என்றார் கோகுலன் அண்ணன்.

“கேக்க மாட்டேன்றான். அந்த அடிதான் வேணுமாம். அடிச்சவனுங்கள்ல ஒருத்தன் ஜொகூர்ல, ரெண்டு பேரு சிங்கப்பூர்ல. லீவு இல்லன்றானுங்க.”

பத்து நிமிடத்தில் கணினி பிரித்துக் கொடுத்தது. கோகுலன் அண்ணன் இசையை ஓடவிட்டார். முதல் வரி முடிவதற்குள் நல்லமுத்து அண்ணன் கையை உயர்த்தினார். கைப்பேசியில் தட்டிக் காட்டினார்: உருமி எங்க?

தவில் இருந்தது, தாளம் இருந்தது. உருமி இல்லை. உருமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். அதிலிருந்து வருவது அடியோசை அல்ல, முனகல். கணினி அந்த முனகலை மனிதக் குரல் என்று நினைத்து, குரலோடு சேர்த்து எடுத்துவிட்டது.

“கொஞ்சம் சுசா லா அண்ணே” என்றார் கோகுலன் அண்ணன். “கஷ்டம்தான். குரல் ஃபைலத் தொறந்து, அதுலேருந்து உருமிய மட்டும் துண்டு துண்டா வெட்டி எடுக்கணும். எது உருமி, எது நீங்கன்னு எனக்குத் தெரியாது. நீங்கதான் பக்கத்துல ஒக்காரணும்.”

நல்லமுத்து அண்ணன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

அந்த வீட்டில் முதல் முறையாக ஒரு குரல் தனியாகக் கேட்டது. மேளத்தின் நடுவே கம்பீரமாக இருந்திருக்க வேண்டிய குரல். தனியே விட்டதும் அதில் எச்சில் விழுங்குவது கேட்டது. மூச்சு இழுப்பது கேட்டது. கழுத்துத் துணி ஏறி இறங்கியது. அவர் திரையைப் பார்க்கவில்லை, சன்னலைப் பார்த்தார். உருமி வந்தால் மேசையில் ஒரு தட்டு. தன் குரல் வந்தால் நெஞ்சில் கை. தட்டு வந்த இடத்தைக் கோகுலன் அண்ணன் இசைக்குத் திருப்பி அனுப்பினார், கை வந்த இடத்தை வெட்டினார். ருக்குமணி அக்கா வைத்த தேநீர் ஆறி ஏடு கட்டியது. இப்படி இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்.

வேலை முடிந்ததும் பிரமிளா அக்கா பாடிப் பார்த்தார். நன்றாகவே போனது. மூன்றாம் அடியின் கடைசியில் திடீரென்று நிறுத்தினார். மறுபடி ஓடவிட்டார்கள், அதே இடத்தில் நின்றார்.

“வரி மறந்துட்டீங்களாக்கா?” என்றார் கோகுலன் அண்ணன்.

“வரியெல்லாம் இருக்கு. வாய் தானா மூடிக்குது.”

கோகுலன் அண்ணன் வலது காதை ஒலிபெருக்கியருகே வைத்து அந்த இடத்தைக் கேட்டார். நான்கு விநாடி. தவிலும் தாளமும் நின்று, உருமியும் குரலும் மட்டும் ஒரே இழுவையில் போகும் இடம், பிரிக்க முடியாமல் விட்டிருந்தார். எனக்கு அங்கே உருமி மட்டும்தான் கேட்டது. பிரமிளா அக்காவுக்கு அதில் தன் அண்ணனின் குரல் கேட்டிருக்கிறது. இருபது வருடம் அந்த அண்ணனின் பின்னால் நின்று பதில் பாடியவர் அக்கா. அண்ணன் வரியை முடித்தால்தான் தன் வரியை எடுப்பார்.

“நீ அங்க இருந்தா நான் எப்படிண்ணே பாடுவேன்” என்று நல்லமுத்து அண்ணனிடம் கேட்டார். பிறகு கோகுலன் அண்ணனைப் பார்த்தார். “கொடம் தலைக்கு ஏறுற நேரத்துல வாய் மூடிக்கிச்சுன்னா இவன் எப்படித் தம்பி நடப்பான்?”

கோகுலன் அண்ணன் பாட்டின் வேறோர் இடத்திலிருந்து உருமியை எடுத்து அங்கே ஒட்டிப் பார்த்தார். எங்களுக்கெல்லாம் சரியாகத்தான் இருந்தது. நல்லமுத்து அண்ணன் தலையை ஆட்டி மறுத்தார். நீண்ட நேரம் தட்டினார்: அங்க உருமி என் பின்னாடி வந்துச்சு. நான் இல்லாம அது வராது.

“அப்ப ரெண்டையும் எடுத்துரணும்ணே. நாலு செகண்டு ஒண்ணும் இருக்காது. வெறும் காத்து.”

சுட்டியின் மேல் கோகுலன் அண்ணனின் விரல் இருந்தது, அமுக்கவில்லை. எத்தனையோ குரல்களை எடுத்த விரல். நல்லமுத்து அண்ணன் எட்டி, அதன் மேல் தன் விரலை வைத்து அமுக்கினார்.

அதன் பின் அக்கா பாடினார். நான்கு விநாடி மேளமில்லாமல் அவர் குரல் மட்டும் போனது, கொஞ்சம் நடுங்கியது, நிற்கவில்லை. நல்லமுத்து அண்ணன் விரலைச் சுழற்றிக் காட்டினார், இன்னொரு தடவை.

“பேச்சு போயும் வேலை வாங்குறது போகல பாருங்க” என்றார் அக்கா.

தைப்பூசத்தன்று காலை, தண்ணீர்மலை முருகன் கோயில் பாதையோரம் பால்குடம் கட்டினார்கள். சக்கரம் வைத்த ஒலிபெருக்கியைக் கோகுலன் அண்ணனே கொண்டுவந்திருந்தார். பக்கத்தில் நாலைந்து குழுக்களின் சத்தம். அக்கா கண்ணை மூடிக்கொண்டு பாடினார். மூன்றாம் அடி வந்தது. உருமி நின்றது.

மேளம் நின்றால் அங்கே யாரும் சும்மா இருப்பதில்லை. சுற்றி நின்றவர்கள், எங்களைத் தெரியாதவர்கள், “வேல் வேல்” என்று எடுத்தார்கள். அந்த நான்கு விநாடியும் நிரம்பிப்போனது. அக்காவின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. என்ன பாடினார் என்று ஒருவருக்கும் கேட்டிருக்காது. நல்லமுத்து அண்ணனுக்கு மட்டும் கேட்டிருக்க வேண்டும். குடம் தலைக்கு ஏறியிருந்தது. குடத்தைப் பிடித்தபடி அவர் நடந்தார்.

கோகுலன் அண்ணன் ஒலிபெருக்கியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனார், வலது காதை அக்கா பக்கம் திருப்பியபடி.