முன்னாடி ஆட்டு, பின்னாடி நீட்டு

ஜிம் மாஸ்டர் தொழிலில் ஒருவரை எடை தூக்க வைப்பது சுலபம். தூக்குவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா கைகாலை ஆட்ட வைப்பதுதான் பெரும்பாடு. காஞ்சிபுரத்தில் ஒரு அரிசிக் கடை மாடியில் இருக்கிறது எங்கள் ஜிம். முதல் நாள் ஆசையாகத் தூக்கிவிட்டு, மறுநாள் கட்டிலைவிட்டு எழ முடியாமல் தவித்தவர் யாராவது இதைப் படித்தால், நீங்களும் நம்ம ஆள்தான்.

முதலில் சாதாப் புடவை

தனசேகர் பட்டுக் கடை விற்பனையாளர். நாள் முழுக்க மெத்தையில் சம்மணம் போட்டுப் புடவை விரிப்பவர். சாயங்காலம் வந்ததும் வராததுமாகக் கம்பியைத் தூக்கப் போவார். "கொஞ்சம் நடந்து, தோளைச் சுத்தி, காலை வீசிட்டு வாங்க" என்றால், "கடையில உதறாத உதறலா மாஸ்டர்?" என்பார்.

ஒருநாள் கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும்போது இடுப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் நான் சொன்னபடி சுவரைப் பிடித்துக் காலை முன்னும் பின்னும் வீசினார். பிறகு உட்கார்ந்தார், இடுப்பு சத்தமில்லாமல் இறங்கியது. மறுவாரம், புதிதாகச் சேர்ந்த ஒருவர் நேராகக் கம்பிக்குப் போனபோது நான் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. தனசேகரே தடுத்துச் சொன்னார்: "இருப்பா. கல்யாணத்துக்கு வர்றவங்களுக்கே நாங்க முதல்ல சாதாப் புடவைதான் காட்டுவோம். விலை உசந்தது அப்புறம்தான் வெளிய வரும்."

கடைசிப் பகுதி மட்டும்

பயிற்சி முடிந்ததும் எல்லோரும் செருப்பைத் தேடுவார்கள். உடம்பு சூடாக இருக்கும்போதே நிதானமாக நீட்டிப் பிடிக்க வேண்டும் என்று நான் பின்னாலேயே கத்திக்கொண்டிருப்பேன். பெண்கள் நேரத்தில் செல்வி அக்கா மட்டும் போக மாட்டார். தறி வேலை, சமையல், மாமியாருக்கு மருந்து என்று ஓடுகிறவர். பாயில் படுத்து, ஒரு முழங்காலை நெஞ்சோடு அணைத்து, கண்ணை மூடிக்கொள்வார்.

ஒருநாள் அப்படியே தூங்கிவிட்டார். எழுப்ப மனம் வராமல் மின்விசிறியைக் கூட்டி வைத்தேன். விழித்தவர் கூச்சத்தோடு முந்தானையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "தப்பா நினைக்காதீங்க மாஸ்டர். யாரும் கூப்பிடாம நான் படுத்துக்கினு இருக்குற இடம் இது ஒண்ணுதான்."

முசரவாக்கத்து ஓட்டம்

சங்கீதா முசரவாக்கத்து விவசாயி மகள். போலீஸ் வேலைக்கான ஓட்டத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். விடியற்காலைக் குளிரில் மைதானத்துக்கு வந்ததும் தரையில் உட்கார்ந்து கால் கட்டை விரலைப் பிடித்து வெடுக் வெடுக்கென்று இழுப்பாள், எழுந்ததும் ஓடுவாள். ஒருநாள் பாதி ஓட்டத்தில் பின்தொடை பிடித்துக்கொண்டது. அழவில்லை. "வயசு தாண்டுது மாஸ்டர். இதான் கடைசி தடவை" என்றாள்.

டாக்டர் ஓய்வு கொடுத்து, பிறகு ஓடலாம் என்றதும் வரிசையை மாற்றினோம். முதலில் வேக நடை, மெதுவான ஓட்டம், முழங்காலைத் தூக்கி நடப்பது, கால் வீசுவது; அப்புறம்தான் வேக ஓட்டம். குனிந்து இழுப்பதெல்லாம் ஓடி முடித்த பிறகு, வெட்டி இழுக்காமல், மூச்சை விட்டபடி. தேர்வு அன்று மற்றவர்கள் உட்கார்ந்து இழுத்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் வேலியைப் பிடித்துக் காலை வீசினாளாம். பார்த்துச் சிரித்தார்களாம். சில நாள் கழித்து அவள் அப்பா ஒரு பை வேர்க்கடலையோடு மாடியேறி வந்து, வெகுநேரம் என் கையை விடவில்லை. "பாஸாயிடுச்சு மாஸ்டர். இப்ப வூட்டுல எங்களையும் வுடறதில்ல, கழனிக்குப் போறதுக்கு முன்னாடி காலை ஆட்டச் சொல்லுது."

வீதியில் நின்ற சாமி

சாரதி உற்சவத்தில் சாமி தூக்குகிறவர். அவர் அப்பாவும் தூக்கியவர். தோள் இறுகி, கை காதுக்கு மேல் எழவில்லை. வலித்தால்தான் பலன் என்று பல்லைக் கடித்துக் கையை முறுக்கிக்கொண்டிருந்தார். "இழுக்கிற மாதிரி இருக்கலாம், வலிக்கக் கூடாது. வலிச்சா அதோட நிறுத்திடணும்" என்று சொல்லி டாக்டரிடம் அனுப்பினேன். அந்த வருஷம் அவர் தோளில் பல்லக்குத் தண்டு ஏறவில்லை. ஓரமாக நின்று பார்த்தவரின் முகத்தை நான் மறக்கவில்லை.

டாக்டர் சொன்ன பயிற்சியும், சூடேறிய பிறகு மெதுவாக நீட்டுவதுமாக மாதங்கள் ஓடின. அடுத்த உற்சவத்தில் அவர் தூக்கினார். எங்கள் தெருவில் தீபாராதனைக்காகப் பல்லக்கை இறக்கி வைத்ததும் கூட்டத்தில் என்னைப் பார்த்துவிட்டார். நேராக வந்து, பக்கத்துக் கடைச் சுவரில் உள்ளங்கையை ஊன்றி நெஞ்சைத் திருப்பினார். கூடத் தூக்கிய இன்னும் இரண்டு பேரும் வந்து சுவரில் கை வைத்தார்கள். சாரதி திரும்பாமலே சொன்னார்: "சாமியே நமக்காக நின்னுக்கினு இருக்குது மாஸ்டர். நீங்க எண்ணுங்க."

இவர்களுக்கெல்லாம் நான் பட்டிருக்கிற நன்றிக் கடனில் பெரியது, குனிந்தால் மாஸ்டருக்குக் கால் விரல் எட்டுமா என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்காததுதான்.