முதலில் பார்த்தவர்

தொழில்முறை ஹாக்கி அணி ஒன்றுக்கு ஆள் தேர்ந்தெடுப்பவர் அவர். வெயிலிலும் நிழலிலும் கழற்றாத கறுப்புக் கண்ணாடி. கையில் எப்போதும் அவித்த வேர்க்கடலை. பருத்த காயாகப் பார்த்து உரிப்பார், சிறியதை உரிக்காமலே எறிந்துவிடுவார். உத்திரமேரூர் பக்கம் நான் பயிற்சி கொடுத்த பையன்களையும் அப்படித்தான் பார்த்தார்.

எங்கள் மைதானம் வற்றிய ஏரி. தரை வெடிப்பில் சிக்காமல் பந்தை மட்டையால் லேசாகத் தூக்கிக்கொண்டே ஓட ஒரு குள்ளப் பையன் பழகியிருந்தான்.

"இவனுக்குத் தரையில ஆடத் தெரியல" என்று சொல்லிவிட்டு, நெட்டையான இருவரை அழைத்துப்போனார்.

மறுவருடமும் வந்தார். "போன வருசம் இட்டுனு போனீங்களே, ரெண்டு பேரும் எப்படி கீறாங்க சார்?" என்று கேட்டேன்.

"நல்லா வளர்ந்துகினு கீறாங்க."

"எங்க சார்?"

"பெஞ்சுலதான். பெரிய டீம்னா பொறுமை வேணும் இல்ல?"

ஆளை உட்காரவைத்தே வளர்க்கும் அணி அது. குள்ளனை வேறொரு அணி எடுத்தது. அவன் பந்தைத் தூக்குவதைத் திருத்தாமல், இரண்டு வருடம் அதையே தீட்டிவிட்டது. போன மாதம் அவன் இவருடைய அணிக்காரர்களின் மட்டைகளுக்கு மேலே பந்தைத் தூக்கிப்போய் கோல் அடித்ததை டிவியில் பார்த்தோம்.

ஆட்டம் முடிந்ததும் இவரே போன் செய்தார். "அந்தப் பையன மொதல்ல பாத்தது நான்தான். ஞாபகம் கீதுல்ல?"

ஞாபகம் இருக்கிறது. பார்க்கத்தான் செய்தார். ஊர் திரும்பிவிட்ட நெட்டையர் இருவரும் அப்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை முதலில் பார்த்தது யாரென்று மட்டும் அவர் சொல்லவில்லை.