சொந்த வீட்டுக்காரர்கள் மட்டும்

பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் மனு டைப் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, தண்ணீர் வரவில்லை, பக்கத்து வீட்டுக்காரன் சுவரைத் தள்ளிக் கட்டிவிட்டான் என்று எல்லாவற்றுக்கும் மனு எழுதியிருக்கிறேன். இத்தனை வருடத்தில் நான் எழுதியதிலேயே படிப்பவர் கண்ணில் நீர் வரவழைக்கிற மனு எங்கள் தெருவுக்காக எழுதியதுதான். அதிலேதான் பொய்யும் அதிகம்.

எங்கள் தெரு கோவிலுக்குப் பின்பக்கம், தேர் ஓடும் வீதியிலிருந்து இரண்டாவது திருப்பத்தில் இருக்கிறது. முனை வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறார். அவருடைய அம்மா இறந்த பிறகு, வீட்டைத் தடுத்து ஆறு அறையாக்கி, சாமி கும்பிட வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட ஆரம்பித்தார். ஆடித்தபசுத் திருவிழா நெருங்கினால் வேன்கள் வரும். போட்ட கோலத்தின் மேல் டயர் ஏறும். வந்தவர்கள் எங்கள் வீட்டுக் கம்பிக் கதவில் ஈர வேட்டியைக் காயப்போட்டுவிட்டு, ‘கொஞ்சம் தண்ணி கிடைக்குமா’ என்று கேட்பார்கள். தொந்தரவுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

எதிர்வீட்டில் கூட்டுறவுத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அண்ணாச்சி இருக்கிறார். ஓய்வுபெற்ற நாளிலிருந்து தலைமை தாங்குவதற்கு ஒன்றும் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவர். முனை வீட்டு விடுதியை மூடச் சொல்லி நகராட்சிக்கு மனு கொடுக்க வேண்டும் என்று அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் தன் வீட்டு முற்றத்துக்கு அழைத்தார். முருங்கைக்கிளை சுவரைத் தாண்டியதற்காகப் பல வருடம் முகம் பார்க்காமல் இருந்த இரண்டு பேர் அன்று பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, “நம்ம தெரு ஒரே குடும்பம் மாதிரில்லா” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். சாக்கடையைத் தூர்வாரப் பொதுவில் ஆள் பிடிக்கலாம் என்று நான் கேட்டபோது கதவைச் சாத்திக்கொண்ட இன்னொருவர், அன்று எழுந்து நின்று கூட்டு வாழ்க்கையைப் பற்றிப் பேசினார். தொண்டை அடைத்துக்கொண்டது அவருக்கு. சங்கத்துக்குக் ‘குடியிருப்போர் நலச் சங்கம்’ என்று பேர் வைத்தார்கள். அண்ணாச்சி தலைவர். டைப் அடிக்கத் தெரியும் என்பதால் நான் செயலாளர்.

அந்த அண்ணாச்சியின் மாடியில் ஒரு குடும்பம் ஒன்பது வருடமாக வாடகைக்கு இருந்தது. புருஷன் விசைத்தறி ஓட்டுகிறவர். அவர் மனைவியும் அதே தறிக்கூடத்தில் நூல் சுற்றப் போவாள். எங்கள் தெருவில் கூட்டு வாழ்க்கை என்று ஒன்று இருந்ததென்றால் அது அவள் காலில்தான் நடமாடிக்கொண்டிருந்தது. எந்த வீட்டில் துக்கமென்றாலும் முதலில் போய்க் காப்பி போட நிற்பவள் அவள். யார் வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது, எந்தப் பெரியவருக்கு எந்த மாத்திரை என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். என் கணவருக்கு நெஞ்சுவலி வந்த காலையில் என்னோடு ஆட்டோவில் ஏறி, ஆஸ்பத்திரியில் சாயங்காலம்வரை நின்றவளும் அவள்தான். அண்ணாச்சி மறுநாள் போன் செய்து விசாரித்தார். அவர் வீடு எங்கள் வாசலிலிருந்து பதினைந்து அடி.

கூட்டம் நடந்த அன்று நாற்காலிகளை மாடியிலிருந்து இறக்கிப் போட்டவளும் அவளே. கையெழுத்து வாங்கும்போது கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். “நானும் போடுதேன்க்கா. எங்க போடணும்?” என்றாள். இடத்தைக் காட்டினேன். நிறுத்தி, அழகாகப் போட்டாள்.

அவள் மேலே போனதும் அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். “தங்கச்சி, வாடகைக்கு இருக்கவிய கையெழுத்து இருந்தா மனு நிக்காது பாத்துக்கோ. சொந்த வீட்டுக்காரங்க மட்டும் இருக்கட்டும். அந்தப் பக்கத்த மாத்தி அடிச்சிரு.”

அது சுத்தப் பொய் என்று எனக்குத் தெரியும். மனு யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். அதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவள் நான். ஆனால் அங்கே வாய் திறக்கவில்லை. மறுநாள் கடையில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திரும்ப அடித்தேன். மற்றவர்களிடம் புதிதாகக் கையெழுத்து வாங்கினேன். பழைய தாளைக் கிழித்துப் போட்டேன். எல்லாம் சேர்த்து ஒரு மணி நேர வேலை.

நகராட்சி அலுவலகத்துக்கு இஸ்திரி போட்ட சட்டைகளோடு போனோம். ‘தலைமுறை தலைமுறையாக ஒருவருக்கொருவர் உற்ற துணையாய் வாழ்ந்துவரும் எங்கள் தெருவின் கூட்டு வாழ்க்கை’ என்று நான் எழுதியிருந்த வரியை அதிகாரி இரண்டு தடவை படித்தார். “நல்லா எழுதிருக்கீங்க” என்றார். அனுமதி இல்லாமல் விடுதி நடத்தியதற்காக முனை வீட்டுக்கு நோட்டீஸ் போனது. கோயம்புத்தூர்க்காரர் வந்து பூட்டிவிட்டுப் போனார். தெருவே ஜெயித்தது. அண்ணாச்சிக்குப் பொன்னாடை போர்த்தினோம். அந்தப் போட்டோ வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாதம் முகப்பாக இருந்தது.

பொன்னாடையின் மடிப்புக் கலையுமுன் மாடி காலியானது. மகன் வெளிநாட்டிலிருந்து குடும்பத்தோடு வருகிறான், வீடு வேண்டும் என்று அண்ணாச்சி சொன்னாராம். அவள் ஒருநாள் மத்தியானம் தட்டுவண்டியில் சாமான்களை ஏற்றினாள். நான் கடையில் இருந்தேன். திரும்பி வந்தபோது மாடி ஜன்னல்கள் திறந்து கிடந்தன. அடுத்த வாரம் கொத்தனார் வந்தார். மகன் வரவில்லை. மூன்று புது டாய்லெட் வந்தது.

ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டு மாடிக்கு ஏறிப் பார்த்தேன். மூன்று கதவு, மூன்றிலும் பெயிண்ட்டால் எண். உள்ளே கட்டில்மேல் பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தைகள்.

“என்ன அண்ணாச்சி இது?”

அவர் கொஞ்சமும் கூசவில்லை. “அது வேற, இது வேற தங்கச்சி. அவன் கோயம்புத்தூர்ல உக்காந்துகிட்டு துட்டு பாத்தான். நான் இங்கனயே இருந்து பாத்துக்கிடுதேன்லா? நம்ம ஆள் நடத்துனா அது பக்தர்களுக்குச் செய்யுத சேவை.”

“அந்தப் பொண்ணு ஒம்பது வருசமா இருந்திச்சே.”

“அதுக்குத்தான் நல்ல வீடா பாத்துப் போகச் சொல்லிட்டம்லா.”

சேவை வேகமாகப் பரவியது. தீபாவளிக்குள் எங்கள் தெருவில் நான்கு வீட்டுக் கதவுகளில் எண் ஏறிவிட்டது. கூட்டு வாழ்க்கைக்காகத் தொண்டை அடைத்தவர் கார் ஷெட்டையும் அறையாக்கினார். முருங்கைக்காரர்கள் இருவரும் கூட்டுச் சேர்ந்து ஒரே போர்டு மாட்டினார்கள். மரத்தை வெட்டிவிட்டார்கள், வேன் நிற்க இடம் வேண்டுமே. இப்போது கோலத்தின் மேல் ஏறுகிற டயர் நம்ம ஆள் டயர் என்பதால் குழுவில் யாரும் முணுமுணுக்கவில்லை.

எனக்கு ஆத்திரம் பொறுக்கவில்லை. கடையில் பழைய மனுவைத் திறந்து, முனை வீட்டு எண்ணை எடுத்துவிட்டு நான்கு வீட்டு எண்களைப் போட்டேன். மற்றபடி ஒரு வார்த்தைகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. கையெழுத்துக்குத்தான் ஆள் இல்லை. அப்போது அவள் ஞாபகம் வந்தது. இப்படித் தேவை வந்ததும் ஞாபகம் வந்தது என்பதை மறைத்து எழுதப் போவதில்லை.

ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஒரு சந்தில் குடியிருந்தாள். போனபோது நான்கைந்து பெண்கள் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு வீட்டு வளைகாப்புக்கு. நடுவில் அவள். என்னைப் பார்த்ததும் எழுந்து, “வாங்கக்கா, சார் நல்லா இருக்காவளா? மாத்திர ஒழுங்கா போடுதாவளா?” என்று கேட்டாள். நாற்காலி போட்டாள். மனுவை நீட்டினேன். நின்றபடியே முழுவதும் படித்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. அது உங்க தெருல்லாக்கா. என் கையெழுத்து அங்க எதுக்கு?”

“நீ ஒம்பது வருசம் இருந்த தெருதானே.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன். காலி பண்ணச் சொன்னப்போ கேட்டேன், தெருவுக்காக மனுவுல நானும் கையெழுத்துப் போட்ருக்கேன், என்னைய மட்டும் போகச் சொல்லுதியளேன்னு. மனுவுல ஒன் பேரு எங்க இருக்குன்னு ஜெராக்ஸ எடுத்துக் காட்டுனாவ. நீங்க அடிச்ச தாளுதான்க்கா. உங்க கடை ரப்பர் ஸ்டாம்பு அடியில இருந்துச்சி.”

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, “காப்பி குடிக்கேளா?” என்று கேட்டாள். நான் மன்னிப்புக் கேட்டேனா என்றால், ‘அண்ணாச்சிதான் சொன்னாவ’ என்று ஏதோ முனகினேன். பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டு வெங்காயத்தின் மேல் தலையைக் குனிந்துகொண்டாள். காப்பியைக் குடித்தேன். இனிப்புச் சரியாக, எனக்குப் பிடித்த மாதிரி குறைத்துப் போட்டிருந்தாள்.

மனுவை நான் ஒருத்தியாகவே கொடுத்தேன். அதே அதிகாரி, அதே வரியைப் படித்தார். “இதை முன்னாடியே குடுத்தீங்களேம்மா” என்று கோப்பில் வைத்தார். இன்றுவரை அங்கேதான் இருக்கிறது.

இந்த ஆடித்தபசுக்கு முன்னால் அண்ணாச்சி வாசலுக்கு வந்தார். சிரித்த முகம். “தங்கச்சி, ஆளுக கூட்டம் தாங்கல. உன் மொட்டை மாடி சும்மாதான கெடக்கு? ஷாமியானா போட்டுக்கிடுதோம். உனக்கும் ஒரு பங்கு தந்திருதேன்.”

உடனே முடியாது என்று சொன்னதாக எழுத ஆசைதான். இரண்டு நாள் யோசித்தேன். கணவரின் மருந்துச் செலவை நினைத்தேன். மாடிக்குப் போய், எத்தனை பேர் படுக்கலாம் என்றுகூடக் கண்ணால் அளந்தேன். மூன்றாம் நாள் முடியாது என்றேன். சாயங்காலம் குழுவில் ஒரு செய்தி வந்தது: தெருவின் ஒற்றுமைக்கு ஒத்துழைக்காதவர்களைச் சங்கம் வருத்தத்துடன் விலக்குகிறது என்று. நான் எழுதியிருந்தால் இன்னும் நன்றாக எழுதியிருப்பேன். ஒற்றுமைக்கு ‘ற்’ விட்டுப்போயிருந்தது.