நடக்க வழி கேட்டவர்கள்

பழவங்காடிப் பிள்ளையார் கோயில் தெருவில் இப்போது பிளாட்பாரத்தில் நடக்கலாம். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் போட்டிருக்கிறார்கள். சிவப்புக் கல், ஓரத்தில் இரும்புக் கம்பி, குடை பிடித்த இரண்டு பேர் எதிரெதிரே இடிக்காமல் போகலாம். தினமும் காலையில் பஸ் இறங்கி அதன் மேல்தான் வேலைக்குப் போகிறேன். எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. முதல் சில நாள் ஏதாவது தோன்றும் என்று நானே எதிர்பார்த்தேன், பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதுபோல. தோன்றவில்லை.

அந்தத் தெருவில் ஒரு போட்டோஸ்டாட் கடையில் இருக்கிறேன். தெருவை நன்றாக்கப் போகிறோம், பொதுஜனம் கருத்துச் சொல்லட்டும் என்று கார்ப்பரேஷன் ஆபீஸிலிருந்து ஒரு படிவம் வந்தது. ஒரே பக்கம், மலையாளத்தில். இங்கே பெரிய தொந்தரவு எது, முதலில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று இரண்டு கேள்வி. எங்கள் தெருவில் பாதிப் பேர் நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். மலையாளம் வாய் நிறையப் பேசுவார்கள், எழுதச் சொன்னால் கை ஓடாது. நான் இங்கேயே மலையாளப் பள்ளியில் படித்தவள். எழுதிக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. படிவக் கட்டைக் கொண்டுவந்த ஆபீஸ்காரர், சொல்வதை அப்படியே எழுத வேண்டும், கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொதுஜனக் கருத்து என்றால் என்ன என்று இரண்டே நாளில் தெரிந்துகொண்டேன். ஜவுளிக்கடைக்காரருக்கு ஹோட்டல் சாக்கடை தொந்தரவு. ஹோட்டல்காரருக்கு ஜவுளிக்கடை வாசலில் நிற்கும் ஸ்கூட்டர்கள் தொந்தரவு. பெல்ட் விற்கிறவருக்கு, பக்கத்தில் செருப்பு விற்கிறவரைத் தவிர இந்த உலகத்தில் வேறு குறையே கிடையாது. தன் முதுகு தனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் எழுதினேன்.

இரண்டாம் நாள் மதியம் அக்கா வந்தாள். என் கூடப்பிறந்தவள், என்னைவிடப் பதினாலு வயது மூத்தவள். கோயிலுக்குத் திரும்பும் இடத்தில் பிளாட்பாரத்தில் சாக்கு விரித்து அருகம்புல் மாலை விற்கிறவள். நான் சாப்பிட்டதும் படித்ததும் அந்த ஒரு சாக்கு அகலத்திலிருந்துதான். அந்த இடம் போனால் அவளுக்குப் பிழைப்பு இல்லை. பிள்ளையாருக்கு மாலை வாங்குகிறவர்கள் கோயில் கண்ணில் படும் தூரத்தில்தான் வாங்குவார்கள், வேறெங்கும் தேடிப் போக மாட்டார்கள்.

அக்காவுக்கும் அவளோடு வரிசையாக உட்காரும் பெண்களுக்கும் ஒரு வழக்கம் உண்டு. குளித்துவிட்டு வந்து கட்டும் முதல் மாலையைக் காசு வாங்காமல் கோயிலில் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் வியாபாரம். முதல் மாலை சாமிக்குப் போய்விட்டதால் தாங்கள் போட்டிருப்பது கடை இல்லை என்பது அவர்கள் எண்ணம். கடை என்றால் பெல்ட், செல்போன் உறை, பிளாஸ்டிக் பொம்மை. தாங்கள் சாமி காரியமாக உட்கார்ந்திருக்கிறவர்கள். இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அளவுக்கு அவர்களுக்கு அதில் சந்தேகம் வந்ததில்லை.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். “பிளாட்பாரத்துல கெடக்க கடையெல்லாம் எடுக்கச் சொல்லி எழுதுட்டி. ஆளு நடக்க வழி வேண்டாமா? கோயிலுக்கு வாறவங்க ரோட்டுல எறங்கில்லா நடக்காங்க.”

எனக்குத் தெரிந்தது. பேனாவை வைக்கும்போதே, அந்த வரியில் அவளும் இருக்கிறாள் என்று தெரிந்தது. ஆபீஸில் உட்கார்ந்து படிக்கிறவருக்குப் பெல்ட்டும் கடைதான், சாக்கும் கடைதான். நிமிர்ந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பின்னால் ஆட்கள் நின்றார்கள், மெஷினில் பேப்பர் சிக்கியிருந்தது, எனக்குப் பசி. கூட்டாதே குறைக்காதே என்று வேறு சொல்லியிருந்தார்கள். இதையெல்லாம் எவர் படிக்கப் போகிறார் என்றும் நினைத்தேன். எழுதினேன். அவள் கீழே தமிழில் கையெழுத்துப் போட்டாள். அவளைப் பார்த்து மற்ற பெண்களும் வந்து அதையே சொன்னார்கள். அவர்களுக்கும் எழுதினேன்.

ஆபீஸில் படித்தார்கள். சில மாதம் கழித்து எல்லோரையும் ஒரு ஹாலுக்குக் கூப்பிட்டார்கள். பிளாட்பாரத்தில் இருக்கிற எல்லாவற்றையும் எடுக்கப் போகிறோம், மாலை விற்கிறவர்களுக்கு மார்க்கெட் பின்பக்கத்துக் கட்டிடத்தில் மாடியில் இடம் தருவோம் என்று ஆபீஸர் சொன்னார். யார் எடுக்கச் சொன்னது என்று பெண்கள் கேட்டார்கள். நீங்கள்தான் என்று சொல்லி, அவர் கட்டைப் பிரித்துப் பேரோடு ஒவ்வொன்றாக வாசித்தார். எல்லாம் என் எழுத்து.

ஒருத்தி எழுந்தாள். எங்களுக்கு இந்த எழுத்து வாசிக்கத் தெரியாது, இவள் மாற்றி எழுதிவிட்டாள் என்றாள். ஹாலே என்னைத் திரும்பிப் பார்த்தது. ஆபீஸர் கெட்டவர் இல்லை. எழுதியதில் தப்பு இருந்தால் இப்போதே சொல்லுங்கள், இந்தப் பேப்பரையெல்லாம் தள்ளிவிட்டு முதலிலிருந்து கேட்கலாம், அதுவரை எந்த வேலையும் தொடங்காது என்றார்.

ஆமாம், மாற்றி எழுதினேன் என்று நான் சொன்னால் போதும். என் பேர் கெடும், அந்த இடம் தங்கும். வெறும் கணக்கு அது, அப்போதே மனசில் போட்டு முடித்துவிட்டேன். ஆனாலும் வாய் திறக்கவில்லை. என் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பயமாகக்கூட இல்லை, மரத்துப்போயிருந்தது. அக்கா எழுந்து நின்றாள்.

“அவ ஒண்ணும் மாத்தி எழுதல்ல சாரே. நாங்க சொன்னதத்தான் எழுதினா. மொதல்ல சொன்னது நாந்தான்.”

ஆபீஸர் கட்டை மூடிக் கயிறு போட்டார். எழுந்து நின்ற பெண்ணும் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த மாதமே சாக்கு மாடிக்குப் போயிற்று. ஒரு மாலைக்காக மாடி ஏற யார் வருவார்கள்? சாயங்காலம் பாதிக்கு மேல் வாடித்தான் வீட்டுக்கு வருகிறது. இதற்கும் எனக்கு அழுகை வரவில்லை, வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று ஹாலிலிருந்து அக்காவும் நானும் பஸ்ஸில் திரும்பினோம். கிழக்கேக்கோட்டை தாண்டிய பிறகு, அக்கா என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

“எழுதும்போ ஒனக்குத் தெரிஞ்சுதாட்டி, அதுல நாமளும் உண்டுன்னு?”

இல்லை என்றேன்.

“அதான பாத்தேன். தெரிஞ்சா நீ சொல்லாம இருப்பியா” என்றாள். பிறகு, காற்று வரட்டும் என்று என்னை ஜன்னல் பக்கம் மாறி உட்காரச் சொன்னாள். நான் மாறி உட்கார்ந்தேன்.