அறுவை அறையில் விளக்கு அணைந்தபோது

ஆத்தாளை நம்பிக் கும்பிடுகிறவர்களே, என் புருஷனை நானே கொல்லப் பார்த்தேன். கேளுங்கள்.

எண்பத்து மூன்றாம் வருஷம், ஐப்பசி மாதம். பரமத்தி வேலூர் பக்கம் எங்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால். அவருக்கு ரொம்ப நாளாகக் குடலிறக்கம் இருந்தது. படுத்தால் உள்ளே போய்விடும் என்று அலட்சியமாக இருந்துவிட்டோம். அன்று காலை தண்ணீர் பாய்ச்சப் போனவர் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார். வாந்தி நிற்கவில்லை. உள்ளூர் டாக்டர் தொட்டுப் பார்த்ததுமே, "குடல் மாட்டிக்கிச்சுங்க. இப்பவே சேலம் போயிருங்க" என்றார்.

நான்தான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் பூவாக்கு கேட்காமல் யாருக்கும் கத்தி வைத்ததில்லை. மாரியம்மன் முன்னால் வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் வைப்போம். பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் போகலாம். சிவப்பு வந்தது. மறுபடி கேட்டேன், சிவப்பு. உச்சிக்காலப் பூசை வரை காத்திருந்து கேட்டேன், அப்போதும் சிவப்பு. அவருடைய அக்கா ஓடி வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"அடி கிறுக்கி, அங்க உசுரு போகுது, இங்க பூவ எண்ணிக்கிட்டு நிக்கறயா? கெளம்பு புள்ள!"

சிவப்புப் பூவை அப்படியே போட்டுவிட்டு ஓடி அவரை வண்டியில் ஏற்றினேன். சேலம் ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்த கொஞ்ச நேரத்தில் ஒரு டாக்டரம்மா வெளியே வந்தார்.

"ஏம்மா இவ்வளவு நேரம் கழிச்சு வந்தீங்க? குடல் நாலு முழம் கறுத்துக் கெடக்குது. அத்தனையும் வெட்டினா அவர் சாப்பிட்டு உயிர் வாழ முடியாது. செத்ததை உள்ள விட்டாலும் ஆபத்து. எதுல ரத்தம் ஓடுதுன்னு பாக்கணும்."

கண் பிரிவிலிருந்து ஒரு மருந்தும் தோல் பிரிவிலிருந்து ஒரு விளக்கும் கொண்டுவர ஆள் ஓடியது. கண்ணுக்கும் தோலுக்கும் குடலுக்கும் என்ன சம்பந்தம்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

திடீரென்று கதவுக் கண்ணாடிக்குப் பின்னால் விளக்கெல்லாம் அணைந்தது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். இருட்டாக்கிவிட்டு உயிருள்ள மனுஷனுக்கு யார் வைத்தியம் பார்ப்பார்கள்? தரையில் விழுந்து ஒப்பாரி வைத்தேன். நர்ஸ் வந்து வாயைப் பொத்தினார்.

"ஏம்மா அழறீங்க? உயிரோடதான் இருக்காரு. நாங்கதான் அணைச்சோம்!"

அப்போதுதான் கை கூப்பினேன். ஆத்தா, இனி உன்னை ஒன்றும் கேட்டுச் சோதிக்கமாட்டேன். அந்தக் குடலில் ரத்தம் ஓடட்டும், அது போதும் தாயே.

பெரிய டாக்டர் வெளியே வந்து விளக்கினார். கண்ணுக்குள் ரத்த ஓட்டம் பார்க்கிற அந்த மருந்தை ரத்தத்தில் ஏற்றி, தோல் நோய் பார்க்கிற ஊதா விளக்கை இருட்டில் காட்டினால், மயிரிழை போன்ற ரத்தக் குழாய்களில் ரத்தம் ஓடுகிற இடமெல்லாம் மஞ்சளாக மின்னுமாம்.

"கறுத்துக் கெடந்ததுல முக்கால்வாசி மின்னுச்சும்மா. ஒரு முழந்தான் மின்னல. அத மட்டும் எடுத்துட்டோம்."

அவரை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். பார்த்ததும் தள்ளுவண்டியை மறித்தேன். முகம், கை, கால் எல்லாம் மஞ்சள்!

"ஏனுங்க சாமி, மஞ்சக் காமாலைங்களா?"

"அந்த மருந்தோட நிறம்மா. நாளைக்குப் போயிரும்."

எனக்கென்னவோ ஆத்தாளே மஞ்சள் அள்ளிப் பூசி அனுப்பியதாகத்தான் தோன்றியது. அவர் கால்களைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அவர் பிழைத்தார். மறு வருஷம் தை மாதம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே பொங்கல் வைத்தோம். நம்புங்கள், ஆத்தா கைவிடமாட்டாள். ஆனால் வீட்டில் ஒரு உயிர் துடிக்கும்போது கோயில் வாசலில் நிற்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு கும்பிடுங்கள். அவள் அங்கேயும் வருவாள்.